டெலிகன்வெர்ட்டரும் டெலிபோட்டோ ஜூமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைப் படம் எடுக்கத் தொடங்கிய ஆறே மாதத்தில் எல்லோருக்கும் ஒரு வியாதி பிடிக்கும். 200 மி.மீ. லென்ஸ் வைத்திருப்பவருக்கு 400 இல்லாமல் தூக்கம் வராது. 400 வைத்திருப்பவருக்கு 600. அடுத்த லென்ஸின் விலையைக் கேட்டு மலைத்து நிற்கும்போது கடைக்காரர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைப்பார். அதுதான் டெலிகன்வெர்ட்டர், கையில் இருக்கும் லென்ஸையே 1.4 அல்லது 2 மடங்கு நீட்டித் தரும் கருவி. என் 100-400 ஜூமுக்கு முதலில் 2 மடங்கு கன்வெர்ட்டரை வாங்கி, ஒரு சீசன் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, நஷ்டத்துக்கு விற்றுவிட்டு 1.4-க்கு மாறியவன் நான். அந்தக் கதையைக் கேள்விப்பட்ட நண்பர்கள் கேட்டவைதான் இந்தக் கேள்விகள்.

கன்வெர்ட்டருக்குள் என்னதான் இருக்கிறது?

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் குட்டைக் குழாய் இது. நல்ல கன்வெர்ட்டர் என்றால் உள்ளே ஆறு முதல் ஒன்பது கண்ணாடிகள் வரை இருக்கும். அத்தனையும் சேர்ந்து ஒரு குழிலென்ஸ் போல வேலை செய்யும். ஜூமிலிருந்து குவிந்து வரும் ஒளியைக் கொஞ்சம் தாமதமாகக் குவியவிடுவதால் பிம்பம் பெரிதாக விழுகிறது. தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்குப் பார்லோ லென்ஸ் தெரிந்திருக்கும். அதே தத்துவம்தான் இது. கேனான்காரர்கள் இதை எக்ஸ்டென்டர் என்பார்கள்.

இரண்டு பொருள்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எக்ஸ்டென்ஷன் டியூப் என்பது கண்ணாடியே இல்லாத வெற்றுக் குழாய், கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய மட்டும் உதவும். லென்ஸின் முன்பக்கம் ஃபில்டர் போலத் திருகும் மலிவு விலைக் கண்ணாடி வேறு ஒன்று உண்டு. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

எவ்வளவு ஒளி போகும்?

1.4 மடங்குக்கு ஒரு ஸ்டாப், 2 மடங்குக்கு இரண்டு ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும், இரண்டு என்றால் கால் பங்காகும். 70-200 எஃப் 2.8 ஜூமில் 1.4 மாட்டினால் 98-280 எஃப் 4 ஆகும், 2 மாட்டினால் 140-400 எஃப் 5.6. நம்மில் பலரிடம் இருக்கும் 100-400 எஃப் 4.5-5.6 ஜூமோ, கடைசி முனையில் 560 எஃப் 8 அல்லது 800 எஃப் 11 ஆகிவிடும்.

காரணம் எளிய வகுத்தல் கணக்கு. எஃப் எண் என்பது குவியத் தூரத்தை (லென்ஸின் மி.மீ. எண்) லென்ஸ் வாயின் விட்டத்தால் வகுத்து வருவது. 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 71 மி.மீ. பின்னால் எதை மாட்டினாலும் முன்னால் இருக்கும் வாய் அந்த 71 மி.மீ.தான். 560-ஐ 71-ஆல் வகுத்துப் பாருங்கள், 8 வரும். இந்த 71 மி.மீ. கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

கன்வெர்ட்டர் வாங்குவதற்குப் பதில் படத்தை வெட்டிப் பெரிதாக்கினால் போதாதா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். பாதிப் பேருக்குப் பதில் ‘போதும்’.

24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்கு பெரிதாகத் தெரியும்படி வெட்டினால் மிஞ்சுவது 12. இரண்டு மடங்குக்கு வெட்டினால் 6. கன்வெர்ட்டரோ முழு 24-ஐயும் தருகிறது. கடையில் இதைத்தான் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த 24-இல் எத்தனை புள்ளி உண்மையான விவரத்தைத் தாங்கி நிற்கிறது என்பதுதான் விஷயம். கன்வெர்ட்டர் பறவையை மட்டும் பெரிதாக்காது, உங்கள் ஜூமின் குறைகளையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். லென்ஸ் 400-இல் கத்தி போலக் கூர்மையாக இருந்தால், பெரிதாக்கிய பிறகும் இறகின் இழைகள் தெரியும். லென்ஸே கொஞ்சம் மந்தம் என்றால், மந்தத்தைத்தான் 24 மெகாபிக்சலில் பதிவு செய்வீர்கள்.

இரைச்சலை, அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நானே ரொம்ப நாள் தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன். ஒரு நாரையை 1/1000 நொடி, எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 800 என்று எடுத்த இடத்தில் 1.4 மாட்டினால் எஃப் 8, ஐஎஸ்ஓ 1600 ஆகிவிடும். ‘ஐயோ, ஐஎஸ்ஓ ஏறிவிட்டதே’ என்று மனம் பதறும். ஆனால் அந்த நாரையிடமிருந்து லென்ஸுக்குள் வந்த ஒளி எவ்வளவு? வாய் அதே 71 மி.மீ., நேரம் அதே 1/1000 நொடி. ஆக, நாரையின் மேல் பட்டுத் திரும்பி உள்ளே வந்த ஒளி இரண்டு முறையும் ஒன்றேதான். முன்பு சின்ன இடத்தில் அடர்த்தியாக விழுந்தது, இப்போது இரண்டு பங்கு பரப்பில் பரவி விழுகிறது. கன்வெர்ட்டர் இல்லாத படத்தை வெட்டி அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தால் இரைச்சல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். எனவே ஐஎஸ்ஓ எண்ணைப் பார்த்து மட்டும் கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள். கழற்ற வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வருகிறேன்.

அப்படியானால் யாருக்கு இது நிஜமாகவே லாபம்?

எஃப் 2.8 அல்லது எஃப் 4 ஜூம் வைத்திருப்பவருக்கு. சென்சாரின் பிக்சல் பெரிதாக இருப்பவருக்கு.

இரண்டாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். 45 மெகாபிக்சலில் 4.4. கேனானின் 32.5 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி எனும் சின்னச் சென்சாரில் 3.2 மட்டுமே. இந்தப் பக்கம் ஒளியின் குணம் ஒன்று இருக்கிறது. எஃப் எண் ஏற ஏற, விளிம்பு விளைவால் (துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவது) ஒரு புள்ளி ஒளி வட்டமாக விரிந்துதான் விழும். எஃப் 8-இல் அந்த வட்டம் சுமார் 11 மைக்ரான், எஃப் 11-இல் 15. பொடிப் பிக்சல் சென்சார், லென்ஸ் தரும் விவரத்தின் பெரும்பகுதியை ஏற்கெனவே அள்ளிவிட்டது. அங்கே கன்வெர்ட்டர் அள்ளுவதற்கு மிச்சம் குறைவு. 6 மைக்ரான் பிக்சலில் மிச்சம் நிறைய. அதனால்தான் ஒரே ஜூம், ஒரே கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் ‘அருமை’ என்பார், இன்னொருவர் ‘தண்டம்’ என்பார். இருவரும் சொல்வது உண்மைதான்.

1.4 வாங்கவா, 2 வாங்கவா?

ஜூமுக்கு 1.4. எஃப் 2.8 ஜூம் இருந்தால் 2-ஐப் பற்றி யோசிக்கலாம்.

நான் 2-ஐ முதன்முதலில் வேடந்தாங்கலுக்கு எடுத்துப்போனது ஒரு ஜனவரிக் காலை. ஏரிக்கரையில் நின்று பார்த்தால் மரம் கொள்ளாமல் நத்தைக்குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும். 800 மி.மீ. இருக்கிறது என்ற மிதப்பு எனக்கு. ஆனால் எஃப் 11 என்பதால் பனி விலகாத அந்த வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டியது. ஃபோகஸ் நாரையில் உட்காராமல் முன்னும் பின்னும் அலைந்தது. பறக்கும் பறவையை 800-இல் ஃபிரேமுக்குள் கொண்டுவருவது ஊசியில் நூல் கோக்கிற வேலை. கோத்து முடிப்பதற்குள் பறவை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அன்று நான்கு மணி நேரத்தில் எடுத்த படங்களில் வைத்துக்கொள்ளும்படி இருந்தவை, கன்வெர்ட்டரைக் கழற்றி எடுத்த இருபது முப்பதுதான். குறை கன்வெர்ட்டரில் இல்லை. எஃப் 5.6 ஜூமோடு அதைச் சேர்த்தது என் தப்பு.

1.4 அவ்வளவு அழிச்சாட்டியம் செய்யாது. வெயில் ஏறியபின் மாட்டினால் போட்டதே தெரியாமல் வேலை செய்யும். 560 எஃப் 8-ஐக் கையில் பிடித்துப் பறக்கும் நாரையைக்கூட எடுத்துவிடலாம்.

என் ஜூமில் இது பொருந்துமா?

வாங்கும் முன் லென்ஸ் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கன்வெர்ட்டரின் முன்கண்ணாடி பெரும்பாலும் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அது நுழைய ஜூமின் பின்பக்கம் வெற்றிடம் வேண்டும். கேமராவோடு வரும் 55-250, விலை குறைந்த 70-300 போன்றவற்றில் அந்த இடமே இருக்காது. அழுத்தி மாட்டினால் கண்ணாடியோடு கண்ணாடி உரசும்.

விலை உயர்ந்த ஜூம் என்றால் பொருந்திவிடும் என்றும் சொல்ல முடியாது. கேனானின் புது ஆர்எஃப் வரிசையில் 2019-இல் வந்த 70-200 எஃப் 2.8, எக்ஸ்டென்டரை ஏற்காது. 2024-இல் வந்த இசட் பதிப்பு ஏற்கும். ஆர்எஃப் 100-500 ஏற்கும், ஆனால் ஒரு விசித்திரத்தோடு. ஜூமை 300-க்கு மேல் நீட்டி வைத்தால்தான் மாட்ட முடியும், மாட்டியபின் 300-க்குக் கீழே சுருங்காது. 1.4-இல் உங்களுக்குக் கிடைப்பது 420-700 எஃப் 8-10. சுருக்க முடியாததால் பையிலும் நீட்டியபடியேதான் வைக்க வேண்டும். பை சின்னது என்றால் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டும் தொல்லை.

நிக்கான் இசட் வரிசையில் 70-200 எஃப் 2.8, 100-400, 180-600 மூன்றும் ஏற்கும். 24-200, 28-400 ஏற்காது. 180-600-இல் 1.4 மாட்டினால் 252-840 எஃப் 8-9. சோனியில் 70-200 எஃப் 2.8, 100-400, 200-600 மூன்றும் சரி, 70-300 கிடையாது.

சிக்மா, டாம்ரான் ஜூம் வைத்திருக்கிறேன். எனக்கு?

டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகை கேமரா) காலத்து 150-600 ஜூம்களுக்கு இரு நிறுவனங்களுமே தங்கள் சொந்தக் கன்வெர்ட்டர்களைக் கொண்டுவந்தன. அந்தக் கண்ணாடி இல்லாத புது வகையான மிரர்லெஸ்ஸில் நிலைமை மவுன்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வளையத்தின் வகையைப் பொறுத்தது. சிக்மாவின் மிரர்லெஸ் 150-600 ஒரே லென்ஸ்தான், ஆனால் எல் மவுன்ட்டில் கன்வெர்ட்டர் மாட்டலாம், சோனி இ மவுன்ட்டில் முடியாது. சோனி கேமராவுக்கு வெளி நிறுவன ஜூம் வாங்கப்போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. 600-இல் எஃப் 6.3 தரும் ஜூமில் 1.4 போட்டால் எஃப் 9 ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால் 150-600 வைத்திருப்பவர் கன்வெர்ட்டர் காசில் நல்ல ட்ரைபாட் வாங்கலாம்.

மாட்டியபின் ஆட்டோஃபோகஸ் மந்தமாகிறதே, ரிப்பேரா?

ரிப்பேர் இல்லை. கேனானின் பழைய இஎஃப் எக்ஸ்டென்டர்களில் இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 1.4 மாட்டினால் ஃபோகஸ் மோட்டார் பாதி வேகத்தில் ஓடும், 2 மாட்டினால் கால் வேகத்தில். பிம்பம் பெரிதாகிவிட்டதால் சின்னப் பிசகும் பெரிதாகத் தெரியும். அதனால் நிதானமாக நகர்த்துகிறார்கள்.

டிஎஸ்எல்ஆரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஃபோகஸுக்கென்று தனிச் சென்சார் இருப்பதால் அதற்குத் தேவையான ஒளிக்கூம்பு குறுகிவிட்டால் வேலையே செய்யாது. பல மாடல்களுக்கு எஃப் 5.6-தான் எல்லை. கேனான் 7டி அப்படி. 2014-இல் வந்த 7டி மார்க் 2-இல் நடு ஃபோகஸ் புள்ளி மட்டும் எஃப் 8 வரை வேலை செய்யும். உங்களிடம் பழைய டிஎஸ்எல்ஆரும் எஃப் 5.6 ஜூமும் இருந்தால் கன்வெர்ட்டர் மாட்டியதும் கையால் திருகி ஃபோகஸ் செய்ய வேண்டிவரும். பறவைக்கு அது ஆகாது.

மிரர்லெஸ்ஸில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்தச் சுவர் இடிந்துவிட்டது. கேனான் ஆர்5 எஃப் 22 வரை ஃபோகஸ் செய்யும். ஆனால் அந்தி வெளிச்சத்தில் அலையத்தான் செய்யும். லென்ஸில் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் குறுக்குவது) இருந்தால் தூரப் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். பாதி அலைச்சல் அதிலேயே குறையும்.

கை நடுக்கத்துக்கு என்ன செய்வது?

560 மி.மீ.க்குக் குறைந்தது 1/560 நொடி என்பது பழைய கணக்கு. உட்கார்ந்திருக்கும் பறவைக்கே நான் 1/1000-க்குக் கீழே போவதில்லை, பறப்பதற்கு 1/2000. லென்ஸின் நடுக்கத் தடுப்பு கன்வெர்ட்டரோடும் வேலை செய்யும், ஆனால் அது உங்கள் கையைத்தான் நிறுத்தும், பறவையின் தலையை இல்லை. காரில் இருந்து எடுப்பதென்றால் ஜன்னல் விளிம்பில் வைக்கப் பழைய தலையணை உறையில் இரண்டு கிலோ பச்சரிசியைக் கட்டி எடுத்துப்போவேன். காசு கொடுத்து வாங்கிய எந்த ஸ்டாண்டும் அதற்கு ஈடாகவில்லை. திரும்பி வந்ததும் அரிசி எங்கே என்று வீட்டில் கேட்பார்கள், அது வேறு பிரச்சினை.

தூக்கும்போது லென்ஸின் காலை (ட்ரைபாடில் மாட்ட அடியில் இருக்கும் பிடி) பிடித்துத் தூக்குங்கள். கேமராவைப் பிடித்துத் தொங்கவிட்டால் பாரம் முழுக்க இரண்டு மவுன்ட் வளையங்களில் இறங்கும்.

எல்லாம் சரியாகச் செய்தும் தூரத்துப் பறவை குழைந்துதான் வருகிறது. ஏன்?

கானல். கோடியக்கரையில் பூநாரைகளை எடுக்கப் போனவர்களுக்கு இது தெரியும். விடிந்ததும் சதுப்பு நிலம் அமைதியாக இருக்கும். ஒன்பது மணி ஆனதும் தரை சூடேறி, மேலே கிளம்பும் காற்று நெளியத் தொடங்கும். அதற்கப்புறம் கால் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பூநாரையின் கால்கள் நீரில் போட்ட நூல் போல ஆடும். அந்த நெளிவையும் கன்வெர்ட்டர் 1.4 மடங்கு பெரிதாக்கிக் கொடுக்கும். எந்த லென்ஸாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

பலர் கன்வெர்ட்டரைத் தூரத்துக்கான கருவி என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கிட்டத்தில் இருக்கும் சின்னப் பறவைக்கான கருவி. 40 அடியில் வேலியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான், பூவில் தொங்கும் தேன்சிட்டு, இவற்றை ஃபிரேமில் இன்னும் கொஞ்சம் நிறைக்க 560 அற்புதம். 300 அடியில் இருக்கும் வாத்துக் கூட்டத்துக்கு 800 இருந்தாலும் ‘பார்த்தேன்’ என்பதற்குச் சாட்சியான படம்தான் மிஞ்சும். அங்கே நாம்தான் கிட்டே போக வேண்டும், அல்லது பறவை வரும்வரை உட்கார வேண்டும்.

தும்பி, வண்ணத்துப்பூச்சிக்கு உதவுமா?

பிரமாதமாக. கன்வெர்ட்டர் மாட்டினாலும் ஜூமின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரம் மாறாது, உருவம் மட்டும் பெரிதாகும். கேனான் இஎஃப் 100-400-இன் இரண்டாம் பதிப்பு 0.98 மீட்டர் வரை கிட்டே ஃபோகஸ் செய்யும், உருவப் பெருக்கம் 0.31, அதாவது சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் 0.31 பங்கு. 1.4 சேர்ந்தால் சுமார் 0.43. ஒரு மீட்டர் தள்ளி நின்றே தும்பியின் இறக்கை நரம்புகளை எடுக்கலாம், அது பயந்து பறக்காது. பெட்டிக்குள் தூங்கும் கன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டு மழைக்குப்பின் குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள்.

நிலா?

சென்சாரில் விழும் நிலாவின் விட்டம், குவியத் தூரத்தில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு. 400-இல் 3.6 மி.மீ., 560-இல் 5.1, 800-இல் 7.3. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. ஆக, 800-இல்கூட நிலா ஃபிரேமை நிறைக்காது. ஆனால் நிலா பிரகாசமானது, பறந்து ஓடாது, ட்ரைபாட் போடலாம். 2 மடங்கு கன்வெர்ட்டர் எஃப் 5.6 ஜூமோடு ஒத்துப்போகும் ஒரே இடம் இதுதான் என்பேன். பௌர்ணமிக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/100 நொடியில் தொடங்கலாம். கிரகணத்தின்போது சூரியனை எடுப்பதென்றால் லென்ஸின் முன்னால் சூரிய ஃபில்டர் கட்டாயம்.

ஒளி அளவை நானே கூட்ட வேண்டுமா?

வேண்டாம். கேமரா லென்ஸ் வழியாக வரும் ஒளியைத்தான் அளக்கிறது. கன்வெர்ட்டரில் சிப் இருந்தால் எஃப் எண்ணையும் குவியத் தூரத்தையும் அதுவே மாற்றிக் காட்டும்.

வெளியில் மாட்டிக் கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கேமராவை ஆஃப் செய்து, அதன் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி மாற்றுங்கள். நம்மூர்க் கடற்கரைக் காற்றில் உப்பும் மணலும் சேர்ந்தே வரும். கன்வெர்ட்டர் பையில் மாதக் கணக்கில் கிடக்கும் பொருள் என்பதால் பூஞ்சை முதலில் அதில்தான் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

வாங்கும் முன் சோதிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஒரு நாள் வாடகைக்கு எடுத்தாலே போதும். செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கத்தை வெயில் படும் சுவரில் ஒட்டுங்கள். 80 அடி தள்ளி ட்ரைபாடில் உங்கள் ஜூமை வைத்து, முழு நீளத்துக்கு நீட்டி, கன்வெர்ட்டர் இல்லாமல் பத்துப் படம், மாட்டிப் பத்துப் படம் எடுங்கள். காலையிலேயே செய்துவிடுங்கள், வெயில் ஏறினால் கானல் கெடுத்துவிடும். கணினியில் முதல் வகைப் படத்தை 1.4 மடங்கு பெரிதாக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கன்வெர்ட்டர் படத்தில் கூடுதலாக எத்தனை வரி படிக்க முடிகிறது என்று பாருங்கள். இரண்டிலும் ஒரே வரிகள்தான் படிக்க முடிகிறது என்றால் கன்வெர்ட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம்.